எலும்பு பஞ்சாகிவிட்டதா? மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முன்...

பாத்ரூமில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து, அரிசி டின்னை நகர்த்தும்போது முதுகில் 'சுரீர்' என்று ஒரு வலி. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'மைனஸ் 3.6' என்று ஓர் எண். "தினமும் ஒரு ஊசி, ரெண்டு வருஷம் போடணும். இல்லேன்னா வருஷத்துக்கு ஒரு தடவை டிரிப் ஏத்தலாம். வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க" என்கிறார் டாக்டர்.

வீட்டில் பேச உட்கார்ந்தால் ஆளுக்கொரு கருத்து! "அந்த ஊசி போட்டா தாடை எலும்பு அழுகிடுமாமே" என்று பயமுறுத்துகிறார் பக்கத்து வீட்டு மாமி. "ரெண்டு வருஷம் தினமும் ஊசியா?" என்று மலைக்கிறார் மகன். அம்மாவோ, "எனக்கு எதுக்குடா இந்த வயசுல ஊசியும் மருந்தும்? ரெண்டு கால்ஷியம் மாத்திரை வாங்கிக் குடு, போதும்" என்று முடித்துக்கொள்கிறார்.

பல குடும்பங்களில் இந்தப் பேச்சு இந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அடுத்த எலும்பு முறியும் வரை! ஆகவே, எதை வைத்து முடிவு செய்வது என்று பார்ப்போம்.

தேய்மானம் வேறு, மெலிவு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். 'எலும்புத் தேய்மானம்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. மாடிப்படி ஏறினால் முழங்கால் வலிக்கிறதே, அது மூட்டுத் தேய்மானம். ஆஸ்டியோபொரோஸிஸ் என்பது எலும்பு மெலிவு. எலும்பின் உள்ளே இருக்கும் பொருள் குறைந்து, பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகிவிடுகிறது. எலும்பு முறிகிற வரை இதில் வலியே இருக்காது. மூட்டு வலிக்கு வாங்கும் மாத்திரைகளும் தைலங்களும் இதற்கு உதவாது.

மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவதால் பெண்களுக்கு இது அதிகம். ஆனால் ஆண்களுக்கும் வரும். ஆஸ்துமா, முடக்குவாதம் போன்ற நோய்களுக்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

'கடுமையானது' என்று எப்போது சொல்கிறார்கள்?

எலும்பின் அடர்த்தியை அளக்க டெக்ஸா என்ற ஸ்கேன் இருக்கிறது. இடுப்பையும் முதுகையும் அளந்து, இளம் வயது ஆரோக்கியமான எலும்போடு ஒப்பிட்டு 'டி-ஸ்கோர்' என்று ஓர் எண் தருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்த கணக்கு இது: மைனஸ் 1 வரை நார்மல். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே என்றால் அடர்த்தி குறைய ஆரம்பித்திருக்கிறது. மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் ஆஸ்டியோபொரோஸிஸ். அதோடு, நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே ஓர் எலும்பு முறிந்திருந்தால் அது கடுமையான வகை.

ஆக, எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. எலும்பு ஏற்கெனவே முறிந்திருக்கிறதா என்பதுதான் பெரிய கேள்வி. முதுகெலும்பு முறிவுகள் பல சமயம் தெரியாமலே நடந்துவிடும். "வயசானா முதுகு வலிக்கத்தானே செய்யும்" என்று விட்டுவிடுவோம். கூன் விழுவது, பழைய நைட்டி திடீரென்று தரையில் புரளுவது இதெல்லாம் துப்பு! இளம் வயது உயரத்தைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தால் முதுகை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது.

அவசரம் எதற்கு? ஒரு முறிவு, அடுத்த முறிவுக்கு வழிவிடுகிறது. முதுகெலும்பு புதிதாக முறிந்த பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஒரே வருடத்துக்குள் இன்னொரு முதுகெலும்பு முறிந்ததாக 2001-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. முறிவுக்குப் பிந்தைய முதல் இரண்டு வருடங்கள்தான் ஆபத்து மிக அதிகமான காலம்.

இங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். "ஆபரேஷன் ஆச்சு, பிளேட் வச்சாச்சு, இனிமே பயமில்லை" என்று நிம்மதியாகிவிடுகிறோம். பிளேட்டோ, மாவுக்கட்டோ, புத்தூர் கட்டோ, எதுவானாலும் அது உடைந்த இடத்துக்கு மட்டும்தான். மற்ற எலும்புகளெல்லாம் பஞ்சாகவேதான் இருக்கின்றன!

மருந்துக்கு முன்னால் சில பரிசோதனைகள்

எலும்பு மெலிந்ததற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தைராய்டு அல்லது பாரா தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தால் எலும்பு கரையும். சிறுநீரகக் கோளாறு, குடலில் சத்து சேராமை, சில சமயம் மல்டிபிள் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்கூடக் காரணமாக இருக்கலாம். ரத்தத்தில் கால்ஷியம், பாஸ்பரஸ், கிரியேட்டினின், வைட்டமின் டி, தைராய்டு, பாரா தைராய்டு ஆகியவற்றோடு புரதப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள். 'ஏன் இத்தனை டெஸ்ட்' என்று சலித்துக்கொள்ள வேண்டாம். காரணம் வேறாக இருந்தால் சிகிச்சையும் வேறு.

வைட்டமின் டி குறைவாக இருந்தால் அதை முதலில் சரி செய்தாக வேண்டும். குறையோடு டிரிப்போ ஊசியோ போட்டால் ரத்தத்தில் கால்ஷியம் சட்டென்று இறங்கி, விரல் மரத்துப்போகும், தசை இழுக்கும். அதே சமயம், 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை டாக்டர் சொன்ன வாரக் கணக்கோடு நிறுத்திவிட வேண்டும். அதை வருடக் கணக்கில் வாரா வாரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பதும் ஆபத்துதான்.

சரி, கால்ஷியமும் வைட்டமின் டி-யும் மட்டும் போதாதா? கடுமையான நிலையில் போதாது. வீடு கட்டும் இடத்தில் செங்கல்லும் சிமென்ட்டும் இறக்கி வைப்பது மாதிரி அது. சாமான் வேண்டும்தான். ஆனால் வேலை செய்ய ஆள் வேண்டாமா?

இடிப்பவரும் கட்டுபவரும்

நம் எலும்புக்குள் இரண்டு வகை செல்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. ஒன்று பழைய எலும்பை இடித்து அகற்றும். இன்னொன்று புதிதாகக் கட்டும். இளமையில் இரண்டும் சமமாக நடக்கும். வயதானால் இடிப்பு முந்திக்கொள்ளும். ஆகவே மருந்துகளும் இரண்டு வகை.

இடிப்பைத் தடுப்பவை: முதலாவது, அலென்ட்ரோனேட் போன்ற மாத்திரைகள். வாரம் ஒரு முறை 70 மி.கி. விலை குறைவு, பல வருட அனுபவமும் உண்டு. ஆனால் காலையில் எழுந்ததும், காபிக்கு முன்னால், வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் நிறையச் சாதாரணத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் படுக்கக்கூடாது, எதுவும் சாப்பிடக்கூடாது. இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும், மருந்தும் உடம்பில் சேராது. நிமிர்ந்து உட்கார முடியாதவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் இது சரிப்படாது.

இரண்டாவது, வருடத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாக ஏற்றும் ஸோலெட்ரோனிக் ஆசிட், 5 மி.கி. கால் மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுவார்கள். முதல் தடவை பலருக்கு இரண்டு, மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கும். பாராசிட்டமால் போதும். சிறுநீரகம் ரொம்பவும் பலவீனமாக இருப்பவர்களுக்கு இது கூடாது.

மூன்றாவது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி, 60 மி.கி. சிறுநீரகம் ஓரளவு பழுதானவர்களுக்கும் போடலாம். ஆனால் டயாலிசிஸ் அளவுக்குப் போனவர்களுக்குக் கால்ஷியம் ஆபத்தான அளவு இறங்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-ல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது.

கட்டுகிறவை: டெரிபாராடைட். தினமும் 20 மைக்ரோகிராம், பேனா போன்ற ஊசியால் வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்வது. இன்சுலின் போடத் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். பொதுவாக 18 முதல் 24 மாதங்கள். ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீஸரில் அல்ல. எலும்பில் புற்றுநோய் இருந்தவர்களுக்கும், எலும்புக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களுக்கும் இதைத் தருவதில்லை. இன்னொன்று ரோமோசோசுமாப். மாதம் ஒரு முறை வீதம் 12 மாதங்கள். இது கட்டவும் செய்யும், இடிப்பையும் குறைக்கும். ஒரு வருடத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கூடாது. விலையும் அதிகம்.

பலன் எவ்வளவு? எண்ணிப் பார்ப்போம்

'50 சதவிகிதம் குறையும்' என்றால் மனதில் ஒட்டாது. நூறு பேரை வைத்துக் கணக்குப் பார்த்தால் புரியும்.

ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்த பெண்களிடம் அலென்ட்ரோனேட்டைச் சோதித்த ஆய்வு 1996-ல் வந்தது. மூன்று வருடத்தில், மருந்தில்லாத மாத்திரை சாப்பிட்ட 100 பேரில் 15 பேருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு. மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேருக்கு.

2007-ல் வந்த ஸோலெட்ரோனிக் ஆய்வில், மூன்று வருடத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேர் என்றிருந்தது 3 பேராகக் குறைந்தது. இடுப்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதே டிரிப் ஏற்றிய இன்னோர் ஆய்வும் அதே வருடம் வந்தது. மறுபடி முறிவது மட்டுமல்ல, இறப்பும் 28 சதவிகிதம் குறைந்திருந்தது அதில்.

கட்டும் மருந்துக்கும் தடுக்கும் மருந்துக்கும் நேரடிப் போட்டி வைத்தால்? 2018-ல் வந்த ஆய்வில் கடுமையான நோய் உள்ள பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு டெரிபாராடைட், மறு பாதிக்கு ரிசெட்ரோனேட் மாத்திரை. இரண்டு வருடத்தில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 100-க்கு 12 பேருக்குப் புதிய முதுகெலும்பு முறிவு. ஊசி போட்டவர்களில் 5 பேருக்கு.

இதனால்தான் டாக்டர்கள் கடுமையான நிலையில், குறிப்பாக முதுகெலும்பு முறிந்திருந்தால், 'முதலில் கட்டுவோம், பிறகு காப்போம்' என்கிறார்கள். வரிசை முக்கியம். டெரிபாராடைட் முடிந்ததும் சும்மா இருந்துவிட்டால் கட்டிய எலும்பு மெல்ல மெல்லக் கரைந்துவிடும். உடனே மாத்திரையோ டிரிப்போ தொடர வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

தாடையும் தொடையும்

இனி, மாமி சொன்ன விஷயத்துக்கு வருவோம். அது முழுப் பொய்யல்ல. இடிப்பைத் தடுக்கும் மருந்துகளால், பல் பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரிவது அபூர்வமாக நடக்கிறது. ஆனால் இதில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக இதே மருந்துகளை மிக அதிக அளவில், அடிக்கடி எடுத்துக்கொண்டவர்கள். எலும்பு மெலிவுக்காக மாத்திரையோ டிரிப்போ எடுப்பவர்களில் வருடத்துக்கு அதிகபட்சம் 10,000 பேரில் ஒருவர் என்ற அளவில்தான் சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2015-ல் கணக்கிட்டது. சிகிச்சை ஆரம்பிக்கும் முன்பே பல் டாக்டரிடம் போய், பிடுங்க வேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறியபின் மருந்தைத் தொடங்கினால் இந்தப் பயம் பெருமளவு தீரும்.

இன்னொன்று, பல வருடம் மருந்து எடுத்தபின் தொடை எலும்பு குறுக்கே முறிவது. இது ஆசிய இனத்தவருக்கு அதிகம். அமெரிக்காவில் நடந்து 2020-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின் கணக்கு இது: ஆசிய வம்சாவளிப் பெண்கள் 10,000 பேர் மூன்று வருடம் இந்த மாத்திரை சாப்பிட்டால், 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்படும். 8 பேருக்குத் தொடை எலும்பு இப்படி முறியும். லாப நஷ்டம் எந்தப் பக்கம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்! தொடையிலோ கவட்டியிலோ வாரக் கணக்கில் இனம் புரியாத வலி இருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

மருந்து எடுக்கும் காலத்துக்கும் எல்லை உண்டு. மாத்திரை என்றால் 5 வருடம், டிரிப் என்றால் 3 வருடம் ஆனதும் மறுபரிசீலனை. ஆபத்து குறைந்திருந்தால் இடைவெளி விடுவார்கள். கடுமையான நிலை நீடித்தால் தொடர்வார்கள்.

இந்த ஊசியை மட்டும் நிறுத்தாதீர்கள்!

டெனோசுமாப் விஷயத்தில் ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. "ஆறு மாசத்துக்கு ஒரு ஊசிதானே, சௌகரியமா இருக்கே" என்று ஆரம்பித்துவிட்டு, அம்மா ஊருக்குப் போய்விட்டார், டாக்டர் லீவு என்று தள்ளிப்போடக்கூடாது. ஊசியின் வேலை முடிந்ததும், அதுவரை அடங்கியிருந்த இடிக்கும் செல்கள் ஒரேயடியாகக் கிளம்பிவிடும். ஒரே சமயத்தில் இரண்டு, மூன்று முதுகெலும்புகள் நசுங்கியவர்கள் உண்டு. கடைசி ஊசியிலிருந்து ஏழு மாதம் தாண்டவே கூடாது. நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், டாக்டர் சொல்படி மாத்திரையோ டிரிப்போ போட்டுத்தான் நிறுத்த வேண்டும். மாத்திரையும் டிரிப்பும் எலும்பிலேயே தங்கிப் பல மாதம் வேலை செய்யும். இந்த ஊசி அப்படித் தங்காது. அதுதான் வித்தியாசம்.

நம் வீட்டுக்கு எது ஒத்துவரும்?

'எது நல்ல மருந்து' என்று கேட்பதோடு, 'எதை நம்மால் கடைசி வரை ஒழுங்காகத் தொடர முடியும்' என்றும் கேளுங்கள்.

• முதுகெலும்பு முறிந்திருக்கிறது, தினமும் ஊசி போட வீட்டில் ஆள் உண்டு, இரண்டு வருடம் மாதாமாதம் செலவு செய்ய முடியும் என்றால், கட்டும் மருந்தில் ஆரம்பிப்பது பற்றிப் பேசுங்கள்.

• பணம் அந்தளவுக்கு இல்லையா? குற்ற உணர்ச்சி வேண்டாம். வருடம் ஒரு டிரிப்பும், ஏன், வாரம் ஒரு மாத்திரையும்கூட முறிவைக் குறைக்கும் என்பது நிரூபணமானது. பாதியில் விட்ட உயர்ந்த சிகிச்சையைவிட, முழுதாக எடுத்த எளிய சிகிச்சை மேல்.

• அம்மாவுக்கு ஞாபக மறதி, அல்லது தனியாக இருக்கிறாரா? மாத்திரையைவிட டிரிப் பொருத்தம்.

• சிறுநீரகம் பலவீனமா? டிரிப்பைத் தேர்ந்தெடுக்கும் முன் கிரியேட்டினின் கணக்கு பார்க்க வேண்டும்.

• இதய நோய், பக்கவாதம், கதிர்வீச்சு சிகிச்சை, பல் பிடுங்கும் திட்டம், இவற்றை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

டாக்டரிடம் இந்த நான்கையும் கேளுங்கள்: 'இந்த மருந்து எத்தனை காலம்? முடிந்ததும் அடுத்து என்ன? ஒரு டோஸ் தவறினால் என்ன செய்வது? பலனை எப்படிப் பார்ப்பது?' அம்மாவையும் கூடவே உட்கார வைத்துப் பேசுங்கள். ஊசி அவர் உடம்பில்தானே போடப் போகிறோம்!

கூடவே செய்ய வேண்டியவை

மாதவிலக்கு நின்ற பெண்களுக்குத் தினமும் 1,200 மி.கி. கால்ஷியம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ம் வருடப் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகில் 350 மி.கி. அளவும், ஒரு டம்ளர் பாலில் 240 மி.கி. அளவும் கிடைக்கும். பால், தயிர், கேழ்வரகுக் கஞ்சி, கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் சேருங்கள். எட்டாத மிச்சத்துக்கு மட்டும் மாத்திரை. பிரண்டைத் துவையல் பிடிக்குமென்றால் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் அதை மருந்துக்குப் பதிலாக நினைக்க வேண்டாம். பருப்பு, முட்டை என்று புரதமும் வேண்டும்.

விழாமல் இருப்பது பாதி சிகிச்சை. பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத மிதியடி, இரவு விளக்கு. கண்ணாடி பவரைச் சரி பாருங்கள். தலைசுற்ற வைக்கும் மாத்திரைகள் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தினமும் நடக்கலாம். ஆனால் முதுகெலும்பு முறிந்தவர்கள் முன்னால் குனிந்து காலைத் தொடும் ஆசனங்களையும், குனிந்து தண்ணீர்க் குடம் தூக்குவதையும் விட்டுவிட வேண்டும். பிஸியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளைச் செய்யலாம்.

ஒன்றிரண்டு வருடம் கழித்து, முடிந்தவரை அதே மெஷினில் டெக்ஸா எடுத்துப் பாருங்கள். எண் கொஞ்சம்தான் ஏறியிருக்கிறதே என்று சோர்ந்துபோக வேண்டாம். எண் இறங்காமல் நிற்பதே பல சமயம் வெற்றிதான். புதிதாக எந்த எலும்பும் முறியவில்லை என்றால் அது இன்னும் பெரிய வெற்றி. இன்று எடுக்கும் முடிவு கல்வெட்டு அல்ல, வழியில் மாற்றிக்கொள்ளலாம். அடுத்த முறிவு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற தள்ளிப்போடல் மட்டும் வேண்டாம்!